உமணர் வண்டி முதல் கேரவன் வரை: ஒரு மாணவனின் கேள்விக்கு என் பதில்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து போன் செய்தான். தேவாரத்துப் பையன். பெயர் வேண்டாம், அவன் வகுப்புக்காரர்களுக்குத் தெரியும். சித்திரையில் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறானாம். அவன் அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை நடந்து ஒரு வருடம் ஆகிறது. ஊன்றுகோலோடு நடக்கிறார். அந்த அம்மா மகனிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். "நான் வேலை பார்த்த ஏலக்காட்டை ஒரு தடவ பாத்துட்டு வந்துரணும்ப்பா."

மகன் உடனே கணினியைத் திறந்து உட்கார்ந்துவிட்டான். கேரவன் வாடகைக்குக் கிடைக்கிறதாம். பஸ் மாதிரி பெரியது, வேன் மாதிரி சிறியது, காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போவது, கூடாரம் என்று பல வகை. "எதை எடுக்கலாம் சார்? நீங்க ஹிஸ்டரி சார்தான், இருந்தாலும் சொல்லுங்க" என்றான். "இருந்தாலும்" என்று சொன்னான் பாருங்கள், அதற்காகவே இந்த நீண்ட பதிவு. இது சரித்திரத்தில் பதில் உள்ள கேள்விதான்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கேரவன் என்றால் நம் ஊரில் சினிமா நடிகர்கள் படப்பிடிப்பில் ஓய்வெடுக்கும் ஏசி வண்டி. ஆனால் சொல்லின் வேர் பாரசீக மொழியின் 'கார்வான்'. பாலைவனத்தில் ஒட்டகங்களோடு கூட்டமாகப் போகும் வணிகர்களுக்குப் பெயர் அது. ஒரு கூட்டத்தின் பெயர் பின்னாளில் ஒற்றை வண்டியின் பெயராகிவிட்டது. அந்தக் கூட்டத்துக்குத் தமிழில் 'சாத்து' என்று பெயர். கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரில் இருப்பது அந்தச் சாத்துதான். கண்ணகியின் தந்தை மாநாய்கன் கப்பல் வணிகர், மாசாத்துவான் தரைவழி வணிகர் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வண்டிக் கூட்டத்தின் தலைவருடைய மருமகள் புகாரிலிருந்து மதுரைக்கு நடந்தே வந்தாள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனது கனக்கும். அவளுக்கு நம் கூடலூருக்கு மேலே மலையில் கோயில் இருக்கிறது. சித்ரா பௌர்ணமிக்கு மக்கள் குமுளியிலிருந்து ஜீப்பிலும் பளியன்குடியிலிருந்து நடந்தும் போகிறார்கள்.

வணிகச் சாத்து சரக்குக்காகப் போவது. குடும்பத்தோடு, குடித்தனத்தோடு வண்டியில் போனவர்கள் யார்? உப்பு விற்ற உமணர்கள். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்த வண்டியைக் காட்டும் இடத்தைத் தமிழாசிரியர்களிடம் கேட்டுப் படியுங்கள். யானைக்குக் காவல் இருப்பவர்களின் குடிசை போல வண்டியின் தோற்றம். அதன் வாசலில் கோழி அடையும் கூடு. கயிற்றில் தொங்கும் சின்ன உரல். கட்டித் தொங்கவிட்ட காடிப் பானை. கைக்குழந்தையோடு ஒரு பெண் மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறாள். சமையலறை, சேமிப்பு, தங்குமிடம் எல்லாம் அந்த வண்டியில் இருக்கின்றன. இன்றைய கேரவன் விளம்பரத்தில் இருக்கும் சாமான்களில் குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும்தான் அதில் இல்லை.

உமணரிடம் நான் மிகவும் மதிக்கும் பொருள் வேறொன்று. புறநானூற்றின் 102ஆம் பாடலில் அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் உமணருடைய 'சேம அச்சு'க்கு ஒப்பிடுகிறார். பள்ளத்தில் இறங்க வேண்டிவருமோ, மேட்டில் ஏற வேண்டிவருமோ, யாருக்குத் தெரியும் என்று வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்களாம். நம் காலத்து ஸ்டெப்னி. வண்டி எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, பாதை என்ன செய்யும் என்பதை முதலில் யோசித்தவர்கள் அவர்கள்.

இனி என் சிறு வயதுக்கு வருகிறேன். அன்று எங்கள் பக்கம் சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு மாட்டு வண்டியில் போவார்கள். இரண்டு மூன்று நாள் தங்கல். எங்கள் தெருவில் மூன்று வகை வண்டி இருந்தது. மொட்டை வண்டியில் பானை, அரிசி, விறகு, வைக்கோல் எல்லாம் ஏற்றலாம். வெயிலுக்கும் மழைக்கும் தப்ப வழியில்லை. வில் வண்டியில் குலுக்கல் குறைவு, மாடு ஓட்டமாய் ஓடும். பெரிய வீட்டுக்காரர்கள் வைத்திருந்தார்கள். ஆனால் அதில் நாலு பேர் உட்காரலாமே ஒழிய ஒருவர் கால் நீட்டிப் படுக்க முடியாது. கூண்டு வண்டி மெதுவாகப் போகும், ஆனால் மேலே கூரை, கீழே வைக்கோல் மெத்தை. இரவில் வண்டிக்கடியில் லாந்தர் தொங்கும். வண்டிக்குப் பக்கத்திலேயே மூன்று கல் வைத்துச் சமையல்.

ஒரு வருடம் தாத்தா பெருமைக்காக வில் வண்டியை இரவல் வாங்கப் பார்த்தார். அப்பத்தா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சோக்காப் போயி எறங்கிருவம், சரி. ராத்திரி புள்ளைகள எங்குட்டுக் கெடத்துறது?" கூண்டு வண்டிதான் போனது. போகும்போது வண்டி எப்படி ஓடும் என்று தாத்தா பார்த்தார். நின்ற பிறகு அது எதற்கு உதவும் என்று அப்பத்தா பார்த்தார். கேரவன் வாங்குகிறவர்களும் வாடகைக்கு எடுக்கிறவர்களும் தவறு செய்யும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சீமையில் என்ன நடந்தது என்றும் பாருங்கள். ரோமா நாடோடி மக்கள் 19ஆம் நூற்றாண்டில் அடுப்பும் படுக்கையும் உள்ள குதிரை வண்டிகளில் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு அது வீடு. உல்லாசத்துக்காகவே அப்படி ஒரு வண்டியைச் செய்யச் சொன்னவர் கார்டன் ஸ்டேபிள்ஸ். கடற்படையில் மருத்துவராக இருந்து, பிறகு சிறுவர் கதைகள் எழுதியவர். 1885இல் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் செய்யப்பட்ட அவருடைய வண்டிக்கு 'வாண்டரர்' என்று பெயர். நீளம் 18 அடி, எடை ஏறக்குறைய 2 டன், இழுக்க இரண்டு குதிரை. அதில் இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்காட்லாந்து வரை போனார். வசதி கூடக் கூட எடை கூடும், எடை கூடினால் மேட்டில் மூச்சு வாங்கும். 1885இல் குதிரைக்கு வாங்கிய மூச்சு இன்று என்ஜினுக்கு வாங்குகிறது. 1907இல் இங்கிலாந்தில் கேரவன்காரர்கள் சங்கமே வைத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் வாலி பையம் என்பவர். அவர் மனைவிக்குத் தரையில் கூடாரம் போட்டுப் படுப்பது பிடிக்கவில்லை, சமையலறை இல்லாமல் வர மறுத்தார் என்று சொல்வார்கள். அதிலிருந்து தொடங்கி 1936இல் 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' என்ற பளபளக்கும் அலுமினிய இழுவை வண்டியைக் கொண்டுவந்தார். அங்கேயும் ஒரு அப்பத்தா! ஜெர்மனியில் 1951 முதல் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தித் தந்தது. 1966இல் அமெரிக்காவின் வின்னபேகோ தன் மோட்டார் வீடுகளைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்யத் தொடங்கியது.

இன்று அமெரிக்காவில் அவற்றை வகை பிரித்திருக்கிறார்கள். பஸ் அளவில் இருப்பது 'ஏ' வகுப்பு. வேனுக்குள்ளேயே எல்லாவற்றையும் அடக்கியது 'பி' வகுப்பு. ஓட்டுநர் தலைக்கு மேலே பரண் போலப் படுக்கை நீட்டிக்கொண்டிருப்பது 'சி' வகுப்பு. அதாவது அளவில் பி சிறியது, சி நடுத்தரம், ஏ பெரியது. எழுத்து வரிசையை நம்பி ஏமாறாதீர்கள். இவை தாமாக ஓடுபவை. தனியே கழற்றி விடக்கூடிய இழுவை வண்டிகள் வேறு. அவற்றில் ஒரு சௌகரியம், வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் காரை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றலாம். சமவெளியில், அகலச் சாலையில் அருமையான ஏற்பாடு.

நம் போடிமெட்டுச் சாலை அப்படியா? 17 கொண்டை ஊசி வளைவுகள். இழுவை வண்டியோடு வளைவில் ஏறும்போது எதிரே லாரி வந்து பின்னால் எடுக்க வேண்டி வந்தால் என்ன ஆகும்? ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் பின்வண்டி எதிர்ப்பக்கம் போகும். பழக்கமில்லாதவன் கையில் அது வினை. பஸ் அளவு வண்டியில் பின்சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கும் பகுதி வளைவில் சுவரையோ எதிர் வண்டியையோ உரசும். பரண் வைத்த வண்டியில் உயரம் கூடுதல், திருப்பத்தில் சாய்வும் கூடுதல். அதோடு தண்ணீர். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. அதையும் சுமந்துகொண்டு ஏற வேண்டும்.

நம் மலை இந்தப் பாடத்தை நூறு வருடத்துக்கு முன்பே நடத்திக் காட்டியிருக்கிறது. ஜான் டேனியல் மன்றோ பூஞ்சார் அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கியது 1877இல். தேயிலை வந்தது. மூணாறிலிருந்து சரக்கைக் கீழே இறக்க வேண்டும். 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். ஒரு சக்கரம் தண்டவாளத்தில், நிலை தவறாமலிருக்க இன்னொரு பெரிய சக்கரம் சாலையில், இழுப்பது மாடுகள். 1908இல் அதை எடுத்துவிட்டுக் குறுகிய பாதை ரயில் விட்டார்கள். ஆனால் அந்த ரயில் டாப் ஸ்டேஷனோடு நின்றுவிடும். அதற்குக் கீழே சரிவு செங்குத்து. அங்கிருந்து கொட்டகுடிக்குக் கம்பி வடத்தில் சரக்கு இறங்கும். அடிவாரத்திலிருந்து போடிக்கு மாட்டு வண்டி. ஒரே தேயிலைப் பெட்டிக்கு ரயில், கம்பி வடம், மாட்டு வண்டி என்று மூன்று வாகனம். அந்த வெள்ளைக்காரர்களுக்குப் பணத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் ஒரே வண்டி மேலிருந்து கீழ்வரை வரட்டும் என்று அவர்கள் மலையோடு மல்லுக்கட்டவில்லை. 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோய்விட்டது. 'டாப் ஸ்டேஷன்' என்ற பெயர் மட்டும் நிற்கிறது. இன்று அங்கே செல்ஃபி எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு ஸ்டேஷன் என்று தெரியும்!

ஆகவே, தம்பி, ஒரே வண்டியில் எல்லாம் நடக்க வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விடு.

நீ கேரவன் கேட்டதற்குக் காரணம் அம்மா படுத்துக்கொண்டு வரலாம் என்பது. ஓடும் வண்டியில் படுக்கக் கூடாது. வண்டி ஓடும்போது உட்கார்ந்து பெல்ட் போட்டிருக்க வேண்டும். மலை வளைவில் படுக்கையில் இருப்பவரை ஒரு பிரேக் கீழே தள்ளிவிடும். இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தவருக்கு அது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டாம். அப்படியானால் கேரவனில் உள்ள கட்டில் வண்டி நின்ற பிறகுதான் கட்டில். படுத்துக்கொண்டே வர ஒரு வண்டி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, ரயில். 1928இல் போடிக்கு வந்த ரயில், போர்க்காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனதால் நின்றது, 1950களில் திரும்ப வந்தது, 2010 முடிவில் அகலப் பாதை வேலைக்காக நின்றது. நீங்கள் எல்லாம் கூக்குரலிட்டு இறங்கிய மீட்டர் கேஜ் வண்டி அதுதான். 2023 ஜூன் 15 முதல் சென்னையிலிருந்தே போடிக்கு ரயில் வருகிறது. அம்மாவுக்குக் கீழ் பெர்த் போட்டுவிடு. இரவு முழுக்கக் காலை நீட்டிப் படுத்து வரட்டும்.

போடியிலிருந்து மேலே போக, எடுத்தால் சிறிய வகையை எடு. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை அறிவித்தபோதே இரண்டு பேருக்கு ஒன்று, நால்வர் குடும்பத்துக்கு ஒன்று என்று இரண்டு அளவுதான் வைத்தது. படுக்கையாக விரியும் இருக்கை, சின்னச் சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் அதில் உண்டு. இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் 2022 பிப்ரவரியில் கேரவன் பூங்காவும் திறந்தார்கள். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் வெளியேற்றும் வசதியோடு இரவில் நிற்க இடம் வேண்டும் என்பதால்தான் பூங்கா. அந்த வசதி இல்லாத இடத்தில் ஒரு நாள் கழித்துக் கேரவன் வெறும் வேன்தான். அதனால் வண்டியைப் பேசும் முன் இரவு எங்கே நிற்கும் என்று பேசு. வழக்கமாக இந்த வண்டிகள் ஓட்டுநரோடு வரும். மலையில் ஓட்டிப் பழகியவரா என்று கேள். முதல் படி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து சொல்லச் சொல். உன் அம்மாவுக்கு ஏசியைவிடப் படி முக்கியம்.

கூடாரம் வேண்டவே வேண்டாம். 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணி மலையில் தீப்பிடித்தது நமக்கு மறக்காது. மலையேற வந்த இளம் பிள்ளைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. கோடையில் நம் மலையின் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அனுமதி இல்லாத இடத்தில் தங்குவதும் அடுப்பு மூட்டுவதும் வேண்டாம். மூன்று கல் அடுப்பு வீரபாண்டி ஆற்றங்கரையோடு போகட்டும்.

கடைசியாக, பூப்பாறை தாண்டி எஸ்டேட்டுக்குள் போகும் பாதை. அங்கே எந்தக் கேரவனும் போகாது. ஜீப்தான். முன்சீட்டில் அம்மாவை உட்கார வைத்து, மெதுவாகப் போகச் சொல்.

ஜீப் என்று எழுதியதும் இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இன்றும் விடியற்காலையில் தேவாரம், பண்ணைப்புரம், போடிப் பக்கத்திலிருந்து பெண்கள் ஏலக்காட்டுக்கு ஜீப்பில்தான் போகிறார்கள். தூக்கம் கலையாத முகத்தோடு, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, நெருக்கியடித்து. அதே 17 வளைவில். நாம் ஒரு நாள் பயணத்துக்குப் படியின் உயரத்தை அளக்கிறோம், கழிப்பறை உண்டா என்று கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். வருடம் முழுக்கப் போகிறவர்களுக்காக யார் கேட்டார்கள்? தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டுக்குச் சாலை வந்தால் போடியையோ கம்பத்தையோ சுற்றாமல் நேரே ஏறிவிடலாம் என்று எங்கள் ஊர் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நான் வேலையில் சேர்ந்தபோதும் கேட்டார்கள், ஓய்வு பெற்றபோதும் கேட்டார்கள்.

உன் அம்மா அந்த மெட்டில் நடந்து ஏறியவர். திங்கள் ஏறினால் சனிக்கிழமை இறங்குவார். அதனால் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு வைத்தால் நீ வர மாட்டாய். ஒரு தடவை கோபத்தில் உன் காதைத் திருகினேன், நினைவிருக்கிறதா? "மலையடிவாரத்துல நிக்கணும் சார், அம்மா வரும்" என்றாய். அன்றிலிருந்து சனிக்கிழமை வகுப்பை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினேன். ஏன் மாற்றினேன் என்று உன் வகுப்பில் யாருக்கும் சொன்னதில்லை.

நீ அடிவாரத்தில்தான் நின்றிருக்கிறாய். மேலே என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாது. அவர் தன் கண்ணுக்காக மட்டும் அந்தக் காட்டைப் பார்க்கக் கேட்கவில்லை, உனக்குக் காட்டவும்தான் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் கேரவனில் தொலைக்காட்சி உண்டா, இணையம் உண்டா என்று பார்க்காதே. அம்மாவுக்குப் பக்கத்து இருக்கை உனக்கு இருக்கிறதா என்று மட்டும் பார். பேரப்பிள்ளைகள் பின்னால் உட்காரட்டும்.

அப்புறம் ஸ்டெப்னியைக் கேட்டு வாங்கிக்கொள். உமணரே அச்சை மாற்று வைத்துக்கொண்டுதான் கிளம்பினார்கள்.

மலைக்குக் கேரவனில் போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள், இவனுக்கு உதவும். நான் எழுதியதில் பிழை இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். வகுப்பில் நீங்கள் திருத்தியபோது நான் கோபித்துக்கொண்டதில்லை, இப்போதும் மாட்டேன்.

எல்லோரும் நலமாய் இருங்கள். மழைக்காலத்தில் யாரும் மலைச்சாலையில் இரவில் வர வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் ஹிஸ்டரி சார், தேவாரம்